லெ மான் போகும் பச்சைக் கோட்டு வழி

அம்மிணி அருணா,

நீ போனில் கேட்ட ஃபைல் கிடைத்துவிட்டது. கடையில் ஆயில் ஃபில்டர் அடுக்குகிற இரும்பு அலமாரியில், மூன்றாவது அறையில், நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. எட்டு வருஷமாக அதன்மேல் ஃபேன் பெல்ட் கட்டுகள் உட்கார்ந்திருந்ததால் அட்டை வளைந்துவிட்டது, ஓரத்தில் எண்ணெய்க் கறை, மற்றபடி உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பிரான்ஸ் மேப், நீ கையால் எழுதிய பதினொரு தாள், லைப்ரரியில் எடுத்த ஜெராக்ஸ் எல்லாவற்றையும் நேற்று டெக்ஸாஸில் உன் இர்விங் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் அதற்கு ஒரு நாள் பின்னால் வந்து சேரும். ஜூனில் நீ, அம்மா, நான் மூன்று பேரும் பாரிஸில் இறங்கி, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, நீ அன்றைக்குப் போட்ட அதே வழியில் லெ மான் கார் பந்தயத்துக்குப் போகிறோம் என்று முடிவு பண்ணியிருக்கிறாய். ஆகஸ்டில் உனக்குக் கல்யாணம். “அதுக்கு முன்னாடி இத முடிச்சிடணும்ப்பா” என்றாய். நல்ல முடிவு. ஆனால் நீ புறப்படுவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று வழியைப் பற்றி. இன்னொன்று என்னைப் பற்றி.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனைக் கையில் எடுத்தால் என் வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. பத்து நிமிஷம் பேசினால் பிரான்ஸ் ஜனாதிபதி நம் கடைக்கு வந்து டயர் மாற்றிக்கொண்டு போனதாகச் சொல்லி முடிப்பேன். பேனா பிடித்தால் கை வலிக்கிறது. கை வலிக்கிறவன் வேண்டியதை மட்டும்தான் எழுதுவான். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நீ கற்ற தமிழ் இதற்குப் போதும். எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படி.

முதலில் வழி. பிரான்சுக்கு நான் போனதில்லை. ஆனால் இந்த ஒரு மாதமாக உன் மேப்பைப் பார்த்துப் பார்த்து, அந்தச் சாலைகளை என்னைவிட நன்றாக அறிந்தவன் இன்றைக்கு நியூ ஜெர்ஸியில் கிடையாது. பிரான்சிலேயே நாலு பேர் இருந்தால் அதிகம். பாரிஸ் ஏர்போர்ட்டில் காரை எடுத்து நேராகப் பெரிய ஹைவேயில் ஏறினால், இரண்டரை மணி நேரத்தில் லெ மான். டோல் கட்டி ஏறலாம், டோல் கட்டி இறங்கலாம். நெவார்க்கிலிருந்து டெலவேர் வரைக்கும் டர்ன்பைக்கில் போகிற மாதிரிதான். அதற்கு எதற்குக் கடல் தாண்ட வேண்டும்? நீ பதினாறு வயதிலேயே அந்த ஹைவேயைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘அப்பா தூங்கிவிடுவார்’ என்று ஓரத்தில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய். உண்மைதான், தூங்கியிருப்பேன்.

அந்த மேப்பில், பார்க்க அழகான சாலைகளுக்கு மட்டும் பக்கத்திலேயே ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது. நீ அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டே வழி போட்டிருக்கிறாய். வியாழக்கிழமை காலையில் இறங்கினால் முதல் ஊர் சார்த்தர். பெரிய கோதுமை வயல்களுக்கு நடுவே சாலை போகுமாம். ஊர் கண்ணுக்குத் தெரிவதற்கு எத்தனையோ மைல் முன்னாலேயே அந்த மாதா கோயிலின் இரண்டு கோபுரமும் வயலிலிருந்து முளைத்த மாதிரி தெரியுமாம், ஒன்று உயரம், ஒன்று கொஞ்சம் குட்டை. அங்கிருந்து ஷாத்தோதன், பாறைமேல் கோட்டை. பிறகு வாந்தோம். அங்கே ராத்தங்கல். வெள்ளிக்கிழமை முழுக்க லுவார் என்கிற சின்ன ஆற்றோடு ஒட்டி ஒட்டிப் போகிற சாலை. வழியில் த்ரோ என்று ஓர் ஊர், மலைச்சரிவைக் குடைந்து உள்ளே வீடு கட்டியிருக்கிறார்கள், மேலே புல்லில் புகைபோக்கி மட்டும் நிற்குமாம். ‘அம்மாவுக்குப் பிடிக்கும்’ என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் லா ஷார்த்தர், அந்தக் காலத்தில் பந்தயக்காரர்கள் வந்து தங்கிய ஊர். அதற்கப்புறம் பெர்ஸே காடு, நெட்டுக்குத்தாக நிற்கிற ஓக் மரங்கள். காடு முடிந்து கொஞ்ச தூரத்தில் லெ மான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினால் ஞாயிறு நாலு மணி வரை இருபத்து நாலு மணி நேரம் கார்கள் நிற்காமல் சுற்றுகிற பந்தயம். அதில் ஒரு பகுதி, மற்ற நாட்களில் லாரியும் பாலும் காய்கறியும் போகிற சாதாரண ரோடு. அது உனக்குத் தெரியும், நீதான் எனக்குச் சொன்னது.

இந்த ஃபைலைக் கடைக்கு வருகிற மிஷேல் என்ற பிரெஞ்சுக்காரரிடம் காட்டினேன். மருந்துக் கம்பெனியில் வேலை. அவருடைய பழைய காருக்கு நான்தான் வைத்தியன்; பானெட்டைத் திறக்காமல், சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன் என்பது இந்த மாவட்டம் முழுக்கத் தெரியும். மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். “இத யாரு போட்டது? டிராவல் ஏஜெண்டா?” என்றார். “என் பொண்ணு, பதினாறு வயசுல” என்றேன். “வெள்ளிக்கிழமை வடக்கிலிருந்து வந்தால் லெ மான் வாசலில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். இந்தப் பெண் தெற்கிலிருந்து, காட்டு வழியாக உள்ளே நுழைகிறாள். அங்கே ஓட்டிப் பழகினவர்களுக்குத்தான் இது தெரியும்” என்றார். எனக்கு உச்சந்தலை குளிர்ந்துவிட்டது. “அவள் போனாளா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “ஏன்?” என்றார். பழக்கதோஷம், வாய் என்னைக் கேட்காமலே, “உங்க நாட்டுல அப்ப ஸ்ட்ரைக்” என்று சொல்லிவிட்டது. அவர் ஃபைலை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்து, “எங்களை மன்னிச்சிடுங்க. சின்னப் பொண்ணு எவ்வளவு வருத்தப்பட்டிருப்பாள்” என்றார். நடக்காத ஸ்ட்ரைக்குக்கு ஒரு நல்ல மனிதர் தன் நாட்டுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவருடைய காருக்கு அன்றைக்கு ஆயில் மாற்றும்போது எவ்வளவு ஊற்றினேன் என்றே மறந்துவிட்டது, மறுபடி வடித்து அளந்தேன். அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்துக்குத் தாள் வாங்கினேன்.

அதற்குள் போவதற்கு முன் ஓட்டுகிற விஷயத்தை முடித்துவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். வாடகைக் கார் கியர் வண்டியாகத்தான் இருக்கும். கடைக்குப் பின்னால் நான் உனக்குக் கிளட்ச் சொல்லிக் கொடுத்தது கால் மறக்காது. ஆனால் டெக்ஸாஸ் போய் ஒரு கையில் ஓட்டுகிற பழக்கம் வந்துவிட்டது, போன தடவை பார்த்தேன். அங்கே ரோடு போட்டவன் ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறான். பிரான்சில் ஆடு மேய்ந்த தடத்தில் தார் ஊற்றியிருப்பார்கள். இரண்டு கையும் வேண்டும். ஊருக்குள் சின்னச் சந்திலிருந்து வலது பக்கம் ஒரு டிராக்டர் வந்தாலும் அதற்குத்தான் முதல் வழி, பலகை இல்லாவிட்டால் நீ நிற்க வேண்டும். மிஷேல் இதை மூன்று தடவை சொன்னார். வட்டச் சந்திப்புகளுக்குப் பயப்படாதே, சாமர்வில் சர்க்கிளில் ஓட்டினவளுக்கு உலகத்தில் எந்த சர்க்கிளும் ஒன்றுதான். முக்கியமான விஷயம் பெட்ரோல். நம் பக்கம் பங்க்கில் பச்சைப் பிடி போட்ட குழாய் என்றால் பெரும்பாலும் டீசல். அங்கே பச்சைதான் பெட்ரோல். இருபது வருஷம் குழாய் பிடித்தவன் கையே அங்கே தப்புப் பண்ணும். மூடியைத் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடு. அம்மாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்து. அவள் கேட்க மாட்டாள், நீயாக நிறுத்து.

இனி என்னைப் பற்றி. உனக்குப் பந்தயப் பைத்தியம் பிடித்தது என்னால்தான். சின்ன வயதில் கடையில் ஆயில் டிரம்மேல் உட்கார்ந்துகொண்டு, “சோழவரம் சொல்லுப்பா” என்பாய். கோயம்புத்தூரிலிருந்து ஒரு காரை லாரியில் ஏற்றிக்கொண்டு சோழவரம் பந்தயத்துக்குப் போனதையும், நடுவில் டயர் வெடித்து வந்த காருக்கு நான் எட்டு விநாடியில் டயர் மாற்றிக் கொடுத்ததையும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! லாரியில் போனது நிஜம். கார் நிஜம். டயர் வெடித்தது நிஜம். மாற்றினது வேறு ஆள். நான் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நன்றாகத்தான் ஓடினேன். விநாடி எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு நீ லைப்ரரிக்குப் போய், எங்கேயோ இருக்கிற லெ மானைக் கண்டுபிடித்து, அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் மேப்பை விரித்துப்போட்டு வழி போட்டாய். நாங்கள் அந்த மேப்பைச் சுற்றித் தட்டை வைத்துச் சாப்பிட்டோம்.

டிக்கெட் எடுக்க எடிசனில் ஏஜெண்டிடம் போனபோது அவர் கேட்டார், “விசாவெல்லாம் பாத்துட்டீங்களா சார்?” நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “நாங்க மூணு பேரும் அமெரிக்கன்ஸுங்க” என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நீ இங்கே பிறந்தவள். அம்மா நர்ஸாக வந்து, அப்புறம் சிட்டிசன் ஆனவள். எனக்கு மட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நயாகரா பார்க்கப் போய், அப்படியே கனடாவுக்குள் நுழைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே கேபினில் இருந்தவன் என் கிரீன் கார்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கை காட்டினான். அன்றைக்கு முடிவு பண்ணினேன், கிரீன் கார்டு இருந்தால் உலகத்தில் எந்தக் கதவும் திறக்கும் என்று. கோயில் கேன்டீனில் எத்தனையோ பேருக்கு இதை இலவச ஆலோசனையாகவும் கொடுத்திருக்கிறேன். யார் யார் நம்பினார்கள் என்று தெரியவில்லை.

புறப்படுகிற அன்று நெவார்க் ஏர்போர்ட் கவுன்டரில் இருந்த பெண் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், உன்னுடையதைப் புரட்டினாள், என்னுடையதில் முன்னும் பின்னும் தேடினாள். “பிரான்ஸ் விசா எங்கே?” என்றாள். கிரீன் கார்டை எடுத்து நீட்டினேன். “இது நீங்கள் அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதற்கு. பிரான்சுக்குள் போவதற்கு இல்லை” என்றாள். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் சொன்னாள். “இவர்கள் இரண்டு பேரும் தாராளமாகப் போகலாம்” என்று அவளாகவே சொன்னாள். அப்போது உன் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏனுங்க, நானும் புள்ளையும் போயிட்டு வந்தர்றமுங்க. பாவம், ஆறு மாசமா எழுதி எழுதி வெச்சிருக்கறா.”

“போயி? அங்க வண்டிய யாரு ஓட்டறது? உனக்குக் கிளட்ச் எதுன்னு தெரியுமா?”

“ரயிலு இருக்குதுங்க. அவளே எழுதி வெச்சிருக்கறா, வண்டி கிடைக்கலீன்னா ரயிலுன்னு.”

“ரயில்ல போறதுக்கா அவ பச்சக் கோடு போட்டா? போனா மூணு பேரும் போறது. இல்லீன்னா யாரும் வேண்டாம்.”

அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாய். “இட்ஸ் ஓகே, அப்பா. லெட்ஸ் கோ ஹோம்” என்றாய். நீ அதைச் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. நீயே சொல்லிவிட்டாய் அல்லவா, இனி இது என் தப்பு இல்லை என்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எட்டு வருஷமாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வீடு வரும் வரைக்கும் அந்தக் கவுன்டர் பெண்ணைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அந்தச் சனிக்கிழமை காலையில் கடைக்கு வந்து அதே டிரம்மேல் உட்கார்ந்தாய். கடிகாரத்தில் பத்து மணி ஆனதும், “அங்க இப்ப நாலு மணி. ஸ்டார்ட் ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்பார்க் பிளக் துடைக்க ஆரம்பித்தாய். நான் காதில் விழாத மாதிரி காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்தக் காருக்கு அடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அதைவிட மோசமானது ஜூலையில் நடந்தது. வெஸ்ட் வின்ட்சரில் பழனிச்சாமி வீட்டுத் தோட்டத்தில் கறி சுட்டுக்கொண்டிருந்தோம். பழனிச்சாமி நம்ம ஈரோட்டுப் பக்கம், கம்ப்யூட்டர்க்காரர், எதையும் இரண்டு தடவை கேட்கிற ஆள். “ஏனுங்ணா, பிரான்ஸ் போறதா ஊரெல்லாம் சொன்னீங்க, இங்கியே நிக்கறீங்க?” என்றார். “அங்க ஸ்ட்ரைக்குப்பா. ஏர்போர்ட்டே காலி. பைலட் கீழ எறங்கி வந்து எங்கிட்ட ஸாரி கேட்டுட்டுப் போனான்” என்றேன். பழனிச்சாமி என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார். “அப்பிடியா அருணா?” என்றார். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “ஆமா அங்கிள். நெக்ஸ்ட் வீக் வரச் சொன்னாங்க, பட் ரேஸ் முடிஞ்சிடும்ல” என்றாய். சாப்பிடுவதைத் தொடர்ந்தாய். நான் கூட்டிச் சொன்னால் சிரிப்பு வந்துவிடும், கேட்கிறவர்களுக்கும் தெரியும், அவர்களும் சிரிப்பார்கள். நீ சிரிக்கவில்லை. அத்தனை சுத்தமாகச் சொன்னாய். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது, நம் பெண் அப்பனை விட்டுக்கொடுக்கவில்லை என்று. அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. உனக்குப் போகக் கிடைக்காத பயணத்துக்கு, உன் வாயாலேயே பொய்க் காரணம் சொல்ல வைத்தேன்.

இதிலிருந்து உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கல்யாணம் ஆகப் போகிறவள் என்பதால். மாப்பிள்ளை படித்தவர், என்னை மாதிரி அளக்கிறவர் இல்லை. ஆனாலும் ஆண்பிள்ளை, தெரியாததைத் தெரிந்த மாதிரி என்றைக்காவது நாலு பேர் நடுவே சொல்லத்தான் செய்வார். அங்கே மறுத்துப் பேசாதே. அவருக்காக நீயும் சேர்ந்து பொய் சொல்லாதே. சும்மா இரு. வீட்டுக்கு வந்த பிறகு, “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேள். கட்டாயம் கேள். நீ என்னைக் கேட்டிருந்தால் நான் இரண்டு நாள் கத்தியிருப்பேன், மூன்றாம் நாள் சொல்லியிருப்பேன்.

என்ன சொல்லியிருப்பேன் என்றால், இதை. அம்மா சிட்டிசன் ஆனபோதே நானும் ஆகியிருக்கலாம். அதற்கான விண்ணப்ப பாரம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தது. “இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுக் கொடுக்க மாட்டேன், உடம்பில் ஓடுகிறது இந்திய ரத்தம்” என்று பொங்கல் விழாவில் மைக்கிலேயே பேசினேன், கை தட்டினார்கள். காரணம் அது இல்லை. அந்த நேர்காணலில் ஓர் ஆபீஸர் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வார், நாம் எழுதிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நான் ஒன்பதாம் வகுப்போடு லேத் பட்டறைக்குப் போனவன். பார்ட்ஸ் நம்பர், பில், கஸ்டமர் பெயர் எல்லாம் எழுதுவேன். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு முழு வாக்கியம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். உன் ஸ்கூல் பாரங்களை அம்மா டியூட்டியிலிருந்து வரும் வரை நான் மேஜைமேல் வைத்திருந்ததும் அதனால்தான். நேரமில்லை என்று சொல்வேன். நேரம் இருந்தது. ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான், கண்ணு, உன்னை நெவார்க்கிலிருந்து வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வந்தேன்.

இப்போது இன்றைய விஷயம். போன வாரம் நீ போனில், “விசா ஆயிடுச்சாப்பா?” என்று கேட்டாய். “ஆயிடுச்சு அம்மிணி. அந்த ஆபீஸரே பந்தயம் பாக்கறவராம், எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு” என்றேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. விசா ஆகவில்லை. நியூயார்க்கில் பிரான்ஸ் விசா ஆபீசுக்குப் போனது உண்மை, காலையிலிருந்து வரிசையில் நின்றது உண்மை. ஜன்னலுக்குப் போனதும் அந்த அம்மாள் பாரத்தைப் பார்த்துவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் இருக்கிறது, தேதி இருக்க வேண்டிய இடத்தில் கையெழுத்து இருக்கிறது, கடை என்னுடையது என்பதற்கு ஒரு தாளும் இல்லை, எல்லாவற்றையும் சரியாக எடுத்துக்கொண்டு மறுபடி வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பாரத்தை யாரிடமும் காட்டாமல் கடையில் நானே உட்கார்ந்து எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். சிட்டிசன் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன், பயந்துதான் போகவில்லை என்று.

“அது எனக்குத் தெரியுமுங்க” என்றாள்.

“என்ன தெரியும் உனக்கு?”

“பாரத்தக் கொண்டுபோய்க் குளிர்ச் சட்டைக்கு அடியில ஒளிச்சு வெச்சீங்கல்ல, ரெண்டு தடவையும் நாந்தான் அத மடிப்பு கலையாம எடுத்து வெச்சேன்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“தேசபக்தின்னு மைக்குல பேசினீங்க. தேசபக்தியில போயி நா எப்பிடிக் கை வெக்கறதுங்க?”

சிரிக்கவில்லை, அப்படியே சொன்னாள். பிறகு கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விசா பாரத்துக்கு அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. ரசம் சுண்டிவிட்டது. சிட்டிசன் பாரத்தையும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள், அதையும் இப்படித்தான் எழுதப் போகிறோம். அது முடிந்து கூப்பிட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். ஜூனுக்கு உதவாது.

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி நியூயார்க் போகிறேன். இந்தத் தடவை தாளெல்லாம் சரியாக இருக்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் கொடுப்பார்களாம்; நம் விமானம் புறப்படுவதற்குள் வரலாம், வராமலும் போகலாம். நிச்சயம் வந்துவிடும் என்று எழுதக் கை போகிறது. எழுத மாட்டேன். பாதிக்குப் பாதி.

வந்தால் நான் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். வராவிட்டால் உனக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று சொல்வேன். அதோடு போனை வைத்துவிடுவேன், மேற்கொண்டு எதையும் கூட்டிச் சொல்வதற்கு முன்னால். அப்போது நீ என்னிடம் ‘இட்ஸ் ஓகே’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் நான் அதை மறுபடி பிடித்துக்கொள்வேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் மூன்று பேருமாகப் போகலாம் என்றும் சொல்லாதே. டிக்கெட்டை மாற்றாதே. டல்லாஸிலிருந்து நெவார்க் வந்து இறங்கு, உங்கள் பெட்டியை நான் தூக்கி வைக்கிறேன், செக்யூரிட்டி வாசல் வரைக்கும் கூட வருகிறேன். கூப்பிட்டவுடன் உள்ளே போய்விடு. நான் அங்கே நிற்பதைப் பார்த்து நீ தயங்கினால், நான் பார்க்கிங்குக்குப் போய்விடுவேன்.

பாரிஸில் காரை எடுத்ததும் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, மேப்பை அவள் மடியில் கொடு. அவளுக்கு மேப் பார்க்கத் தெரியாது என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தவன் நான்தான். அவளிடம் ஒரு நாளும் கொடுத்துப் பார்த்ததில்லை.

அப்பா